முதலாம் படி வடிகட்டி

ஆலையிலிருந்து வெளியேறும் தண்ணீருக்கு நிறம் இல்லை என்று சபை தீர்மானித்தது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அன்று காலை முருகேசுவின் கிணற்றில் தண்ணீர் பால் விடாத தேநீரின் நிறத்தில் இருந்தது.

போரில் குடாநாட்டுக்கான பாதை பூட்டியிருந்த காலம். தெற்கிலிருந்து வரக்கூடாத பொருட்களில் கடதாசியும் சேர்ந்துகொண்டது. பிள்ளைகள் எழுதிய பக்கத்தின் மேலேயே மறுபடி எழுதினார்கள். பத்திரிகை கோடு போட்ட கொப்பித் தாளில் வந்தது. அப்போதுதான் சுன்னாகத்துக்குத் தெற்கே, ஒரு பழைய சுருட்டுக் கொட்டிலில், குடாநாட்டுச் சுயதேவைக் கடதாசிச் சபை தொடங்கப்பட்டது. முதலில் சபைக்கு ஒரு முத்திரை செய்தார்கள். பிறகு ஒரு கொடி. ஆலை மூன்றாவதாக வந்தது.

வைக்கோல், பனம்நார், பழைய கொப்பிகள், இனி யாரும் தேடி வரமாட்டார்கள் என்று கருதப்பட்ட கந்தோர்க் கோப்புகள். இவற்றைத் தார்ப் பீப்பாய்களில் போட்டுச் சுண்ணாம்போடு அவித்தார்கள். கூழ் ஒரு பக்கம் போனது. கறுத்த தண்ணீர் மறுபக்கம் போனது. கூழைக் கவனிக்க ஏழு உபகுழுக்கள் இருந்தன. தண்ணீரைக் கவனிக்க ஆலை வளவின் மூலையில் ஒரு பாழ்ங்கிணறு இருந்தது.

அந்தக் கிணறு எவ்வளவு ஊற்றினாலும் நிரம்பவில்லை. சபைத் தலைவர் சீவரத்தினம் இதை இயற்கையின் ஒத்துழைப்பு என்று ஆண்டறிக்கையில் குறிப்பிட்டார். அவர் இளைப்பாறிய அதிபர். புவியியல் படிப்பித்தவர். இந்த மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல், சுண்ணக்கல்லில் பொந்துகள், ஒரு கிணற்றில் விழுந்த வாளி இன்னொரு கிணற்றில் மிதக்கும் என்று வகுப்பு வகுப்பாகச் சொல்லிக் கொடுத்தவர்.

பாழ்ங்கிணற்றுக்கு அடுத்த தோட்டத் தறை முருகேசுவுடையது. வெங்காயம் வைத்திருந்தார். தறையிலிருந்த அவருடைய கிணற்றில் அவர் மட்டும் அள்ளவில்லை. வேலிக்கு அப்பால், தரிசாகக் கிடந்த புகையிலைத் தறையில், குருநகர்க் கடற்கரையிலிருந்து ஷெல்லடிக்குத் தப்பி ஓடிவந்த குடும்பங்கள் கிடுகுக் கொட்டில்கள் போட்டிருந்தன. ஊரில் மற்றக் கிணறுகளின் படலைகள் கடல்காரருக்குத் திறக்கவில்லை. ஒரு வீட்டில் கயிறு அறுந்திருந்தது. இன்னொரு வீட்டில் நாய் கடிக்கும் என்றார்கள். கயிறும் அறாமல் நாயும் இல்லாமல் இருந்தது முருகேசுவின் கிணறு மட்டும்.

அங்கே அள்ள வருபவர்களில் யசிந்தாவும் ஒருத்தி. இடுப்பில் கத்தரீனா என்ற கைப்பிள்ளை. புருஷன் யாகப்பு ஆலையில் வேலை செய்தான். கடலுக்குப் போகத் தடை. படகை விட்டுவிட்டுத் துடுப்பை மட்டும் கொண்டுவந்திருந்தான். நேர்முகப் பரீட்சையில் துடுப்பைக் கண்டதும் கூழ் துழாவச் சேர்த்துக்கொண்டார்கள்.

முருகேசு ஒரு கண்ணாடிப் போத்தலில் தண்ணீரை எடுத்துக்கொண்டு சபைக் கந்தோருக்குப் போனார். வாசலில் நிறப் பரிசோதகர் அடைக்கலநாதன் மறித்தார்.

"உதென்ன?"

"தண்ணி, ஐயா."

"அது தெரியுது. போத்தில் ஆற்றை?"

"என்ரை."

"உம்மடை போத்திலிலை கொண்டுவந்தால் அது உம்மடை தண்ணி. சபைப் போத்திலிலை எடுத்தால்தான் மாதிரி."

சபைப் போத்தல்கள் அரிட்ட மருந்து வந்த மண்ணிறப் போத்தல்கள். அடைக்கலநாதன் தண்ணீரை அதில் மாற்றினார். யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"போத்தில் என்ன நிறம்?"

"மண்ணிறம்."

"தண்ணி?"

"அதுவும் மண்ணிறமாத்தான் தெரியுது."

"இப்ப போத்திலின்ரை நிறத்தைக் கழியும்."

முருகேசு கழித்துப் பார்த்தார்.

"மிச்சம் என்ன?"

"ஒண்டும் தெரியேல்லை, ஐயா."

"நீரே சொல்லுறீர்." அடைக்கலநாதன் எழுதிக்கொண்டார்: முறைப்பாட்டாளர் ஒப்புக்கொண்டார்.

சத்தம் கேட்டுத் தலைவர் வெளியே வந்தார். பகுத்தறிவோடு பேசுபவர். யாரையும் கோபிப்பதில்லை.

"முருகேசு, நிறம் எண்டது பொருளிலை இல்லை. பாக்கிறவன்ரை கண்ணிலை இருக்கு. இதை நான் எட்டாம் வகுப்புக்குப் படிப்பிச்சனான்."

"எனக்குக் கண் நல்லாத் தெரியுது, ஐயா."

"அதுதான் கரைச்சல்."

"குடிக்கலாமோ எண்டு மட்டும் சொல்லுங்கோ. பக்கத்திலை கைப்பிள்ளைக்காரி இருக்கிறாள்."

"குடிக்கிறது சுகாதாரப் பகுதி. எங்கடை பகுதி நிறம்."

முருகேசுவின் கண்ணாடிப் போத்தலைச் சபை வைத்துக்கொண்டது. அப்படி ஒரு தெளிவான போத்தல் சபையிடம் இருக்கவில்லை. பதிலுக்கு அரிட்டப் போத்தலைக் கொடுத்து அனுப்பினார்கள்.

ஆனாலும் முறைப்பாடு வந்துவிட்டது. முறைப்பாடு வந்தால் உபகுழு வேண்டும். கழிவுநீர் நிறநீக்க உபகுழு அமைக்கப்பட்டது. தலைவரே தலைமை தாங்கினார். உபகுழு ஒரு வெள்ளிக்கிழமை முருகேசுவின் வளவுக்கு வந்தது. கதிரைகள் இரவல் வாங்கப்பட்டன.

"வெளிநாட்டிலை நிறம் அளக்கக் கருவி இருக்கு," என்றார் தலைவர். "கருவியை எங்களுக்கு விடமாட்டினம். அதுக்காக அளக்காமல் இருக்கேலுமோ? நாங்கள் தேயிலையாலை அளப்பம்."

அளவுகோல் விளக்கப்பட்டது. தேயிலை போடாத சுடுதண்ணீர் பூச்சியம். மெல்லிய சாயம் ஒன்று. அப்படியே ஏறி, தலைவர் காலையில் குடிக்கும் கடுஞ்சாயம் ஐந்து. முருகேசுவின் மனைவி சின்னாச்சியை அளவுகோல் தயாரிக்கச் சொன்னார்கள்.

"தண்ணி எங்கை எடுக்கிறது?" என்று கேட்டாள் சின்னாச்சி.

"கிணத்திலைதான். வேறை எங்கை?"

அவள் அள்ளிக் கொதிக்க வைத்தாள். தேயிலை சுளகின் மூலையில் கிடந்த கொஞ்சம். அதைக் கூட்டிக் குறைத்துப் போட்டாள். கண்ணாடிக் குவளைகள் வாங்குப் பலகையில் வரிசையாக வைக்கப்பட்டன. அடைக்கலநாதன் கிணற்றில் புதிதாக ஒரு குவளை அள்ளி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் வைத்துப் பார்த்தார். ஐந்தோடு ஒத்துவரவில்லை. மூன்றோடும் ஒத்துவரவில்லை. பூச்சியத்தோடு அச்சொட்டாக ஒத்தது.

"பூச்சியம்," என்றார்.

"ஐயா, ரெண்டும் ஒரே கிணத்துத் தண்ணியெல்லோ," என்றாள் சின்னாச்சி.

"அதாலைதான் பிள்ளை இவ்வளவு திறமா ஒத்துப்போகுது."

உறுப்பினர்கள் கைதட்டினார்கள். வேலியோரம் குடத்தோடு நின்ற யசிந்தாவும், எதற்கென்று தெரியாமல், கைதட்டினாள். இடுப்பிலிருந்த பிள்ளை சிரித்தது.

"சரி, ஐயாமார் தேத்தண்ணியைக் குடியுங்கோ," என்றாள் சின்னாச்சி. "கிடைக்காத தேயிலை. வீணாக்கக்கூடாது."

ஒருவருக்கு வெள்ளிக்கிழமை விரதம். ஒருவருக்குச் சலரோகம்; சீனி போடவில்லை என்று சொன்ன பிறகும் சலரோகம். கடமை நேரத்தில் அளவுகோலைக் குடிக்க விதியில்லை என்றார் அடைக்கலநாதன்.

"நாங்கள் குடிச்சால் பக்கச்சார்பு எண்டு சனம் கதைக்கும்," என்றார் தலைவர். "நீங்கள் குடியுங்கோ. உங்களைப் பற்றி ஒருத்தரும் ஒண்டும் கதைக்காயினம்."

மூன்றாம் இலக்கத்தை யசிந்தா கேட்டு வாங்கிக் குடித்தாள். மற்றவை தேசிமரத்துக்கு ஊற்றப்பட்டன.

சான்றிதழ் வந்தது. ஆலைக் கடதாசியில் அச்சடித்திருந்தது. ஆலைக் கடதாசியும் மண்ணிறம்தான். எழுத்தைக் கண்டுபிடிக்க வெயிலில் சரித்துப் பிடிக்க வேண்டியிருந்தது. நிறமின்மையை நிறமுள்ள தாளில் அச்சடிப்பது தலைவரை உறுத்தியது. கடதாசியை வெள்ளையாக்குவது சபையின் அடுத்த இலட்சியம் ஆனது.

கிணறு மணக்கத் தொடங்கியது. வாளி எழும்பும்போது நுரை வந்தது. கொதிக்க வைத்தால் நிறம் இன்னும் இறுகியது. சட்டியின் அடியில் பொருக்குப் பிடித்தது. யசிந்தா துணியை நாலாக மடித்து வடித்தாள். துணி நிறம் மாறியது. தண்ணீர் மாறவில்லை.

கிணறு கெட்டால் இறைக்க வேண்டும். வருடப்பிறப்புக்கு முன் இறைப்பார்கள். எலி விழுந்தால் இறைப்பார்கள். கலங்கினால் இறைப்பார்கள். அடிமட்டும் வற்றவிட்டுச் சேறு வாரினால் புதுத் தண்ணீர் ஊறும். ஊரில் வேறு எந்த வைத்தியத்தையும் யாரும் இவ்வளவு நம்பியதில்லை. முருகேசுவும் நம்பினார்.

மண்ணெண்ணெய் இல்லை. கொட்டில்காரர் விளக்குகளைக் கவிழ்த்துச் சேர்த்துக் கொடுத்தார்கள். இறைப்பு இயந்திரம் புகைத்தது, இருமியது, ஓடியது. வெங்காய வாய்க்காலில் மண்ணிறத் தண்ணீர் பாய்ந்தது. மத்தியானம் அடி தெரிந்தது. யாகப்பு கயிற்றில் இறங்கிச் சேறு வாரினான்.

கல்லின் பக்கவாட்டில் ஒரு கண். அதிலிருந்துதான் ஊற்று வரும். யாகப்பு அதன் வாயைக் கையால் துடைத்தான். உள்ளே ஏதோ அடைத்திருந்தது. இழுத்தான். கறுத்த தண்ணீர் நுரையோடு அவன் நெஞ்சில் அடித்தது.

"அண்ணை!" என்று கீழேயிருந்து கத்தினான். "இது ஊத்துத் தண்ணியில்லை. இது நான் நேற்றுத் துழாவின கூழ்!"

மேலே வந்தபோது அவன் கையில் ஒரு பிடி இருந்தது. கூழுக்குள் அவியாத ஒரு கொப்பித் துண்டு. அதில் ஒரு வாத்தியார் சிவப்பு மையால் போட்ட சரி அடையாளம் அழியாமல் இருந்தது.

"நிப்பாட்டுவம்," என்றார் முருகேசு. இயந்திரத்தில் கை வைத்தார்.

அப்போது அடைக்கலநாதன் சைக்கிளைப் படலையில் மோதி நிறுத்தினார். மூச்சு வாங்கியது.

"நிப்பாட்டாதையும்! நிப்பாட்டாதையும்!"

"ஏன், ஐயா?"

"பாழ்ங்கிணறு வத்துது!"

அந்தக் கிழமை பாழ்ங்கிணறு முதல் தடவையாக நிரம்பி ஆலை முற்றத்தில் வழியத் தொடங்கியிருந்தது. இயற்கை ஒத்துழைப்பை விலக்கிக்கொண்டதாகச் சபை கவலைப்பட்டுக் கொண்டிருந்தது. முருகேசு இறைக்க இறைக்க அது இறங்கியது. தலைவர் வந்தார். பாழ்ங்கிணற்றைப் பார்த்தார். முருகேசுவின் கிணற்றைப் பார்த்தார். கண் கலங்கியது.

அன்று அவர் கிணற்றுக்கட்டில் ஏறி நின்று பேசினார்.

"ஆலையிலை தண்ணி கறுப்பு. இஞ்சை வரேக்கை மண்ணிறம். அங்காலை சின்னையன்ரை கிணத்திலை மஞ்சள். மேட்டிலை என்ரை கிணத்திலை பளிங்கு. இதுக்கு என்ன அர்த்தம்? ஒவ்வொரு கிணறும் கொஞ்சம் கொஞ்சமா நிறத்தைப் பிடிச்சு வைக்குது. இது வடிகட்டி ஆலை. கல்லாலையும் மண்ணாலையும் ஆன ஆலை. வெள்ளைக்காரன் இதுக்குக் கோடி கோடியாச் செலவழிக்கிறான். எங்களுக்கு முருகேசு இருக்கிறார்."

முருகேசு முதலாம் படி வடிகட்டியாக நியமிக்கப்பட்டார். படலையில் பலகை அடித்தார்கள். நாள்தோறும் இறைக்க வேண்டும். அதற்குச் சபை மண்ணெண்ணெய் தரும்.

மண்ணெண்ணெய் என்ற சொல்லைக் கேட்டதும் முருகேசுவின் தலை தானாக ஆடியது. வெங்காயம் வாடிக்கொண்டிருந்தது. ஊரில் யாருடைய தலையும் ஆடியிருக்கும்.

கூட்டம் கலைந்த பிறகு சின்னாச்சி கேட்டாள்.

"இஞ்சருங்கோ, இறைக்காட்டி என்ன?"

"மண்ணெண்ணெய் இல்லை. வெங்காயம் இல்லை."

"இறைச்சால்?"

முருகேசு விடிந்ததும் இறைத்தார்.

கடதாசியை வெளுக்கப் பல வழிகள் பார்த்தார்கள். வெயிலில் போட்டார்கள். தேசிக்காய்ப் புளி விட்டார்கள். உபகுழு நீலம் போடச் சொன்னது. கடதாசி செத்த மீனின் நிறத்தில் வந்தது. பிறகு ஒரு கப்பல் வந்தது. அகதி முகாம்களின் கிணறுகளுக்குப் போட அதில் குளோரின் தூள் வந்திருந்தது. அதன் பிறகு ஆலையில் வெள்ளைத் தாள் வந்தது.

பங்குனி வெயில் ஏறியபோது கத்தரீனாவுக்கு வயிற்றோட்டம் தொடங்கியது. பிறகு சத்தி. தண்ணீர் கொடுத்தால் சத்தி எடுத்தது. கொடுக்காவிட்டால் நாக்கு வறண்டது. ஆஸ்பத்திரி சேலைனுக்காக அடுத்த கப்பலைப் பார்த்திருந்தது. சுத்தமான தண்ணீரில் உப்பும் சீனியும் கரைத்துக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். யசிந்தா உப்பையும் சீனியையும் இரவல் வாங்கினாள். தண்ணீரை யாரிடம் வாங்குவதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"அண்ணை," என்றாள் வேலிக்கு அப்பால் நின்று. "பிள்ளை அழேக்கை கண்ணீர் வருகுதில்லை. சத்தம் மட்டும்தான் வருகுது."

முருகேசு சுகாதாரப் பகுதிக்குச் சைக்கிள் மிதித்தார். கிணற்றுக்குக் குளோரின் கேட்டார். உங்கள் ஒழுங்கைக் கிணறுகளுக்குரியது கொடுத்தாயிற்று என்றார்கள். யாருக்கு? தண்ணீருக்குப் பொறுப்பான உபகுழுவுக்கு.

அவர் தலைவர் வீட்டுக்குப் போனார். மேட்டில் பெரிய கல்வீடு. கிணற்றுக்கு மரமூடி. மூடிக்குப் பூட்டு. பக்கத்தில் பலகை: இறுதிப்படி.

"குளோரின் வந்ததாம், ஐயா."

"வந்தது."

"என்ரை கிணத்துக்குக் கொஞ்சம்..."

"முருகேசு, விஞ்ஞானமாக் கதைப்பம். நிறமுள்ள தண்ணியிலை குளோரினைப் போட்டால் அது நிறத்தைத் தின்னிறதிலையே முடிஞ்சுபோகும். வீண். விளங்குதோ?"

"ஓம், ஐயா."

"நிறமில்லாத தண்ணிக்குக் குளோரின் எதுக்கு? உம்மடை கிணத்துக்கு நிறமில்லை எண்டு சான்றிதழ் தந்திருக்கிறம்."

முருகேசு இரண்டு நியாயத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். நடுவில் தன் கிணறு இருக்க இடம் இருக்கவில்லை.

"அப்ப அந்தத் தூள் எங்கை, ஐயா?"

"பிரயோசனமான இடத்திலை." தலைவர் மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். உண்மையிலேயே வெள்ளை. முருகேசு அப்படி ஒரு வெள்ளையைப் பாதை பூட்டிய நாளிலிருந்து கண்டதில்லை. "பார்க்கேக்கை கண் கூசுதெல்லோ?"

"கூசுது, ஐயா. ஒரு வாளி தண்ணி தாருங்கோ. உங்கடை கிணத்திலை. பிள்ளை ஒண்டு கிடக்குது."

"ஆற்றை பிள்ளை?"

"யாகப்புவின்ரை. ஆலையிலை துழாவிறவன்."

"ஓ. கடல் பக்கம்." தலைவர் தாளை மேசையில் திருப்பி வைத்தார். "நான் சாதி பாக்கிறனான் எண்டு நினையாதையும். அந்தக் காலம் போட்டுது. இது இப்ப என்ரை கிணறில்லை. இறுதிப்படி. வெள்ளைத்தாள் விழாவுக்கு வாற பிரமுகர்கள் இதைத்தான் பாக்கப்போகினம். அள்ளினால் மட்டம் இறங்கும். மட்டம் இறங்கினால் உங்கடை பக்கத்துத் தண்ணி இஞ்சை இழுபடும்."

முருகேசு மூடியின் பூட்டைப் பார்த்தார்.

"அப்ப நான் இறைக்கிறது..."

"நீர் இறைக்குமட்டும் அது உம்மட்டை நிக்கும். அதுதானே பொறியியல்."

"இது உங்களுக்கு முதலே தெரியுமோ, ஐயா?"

"வகுப்பு வகுப்பாப் படிப்பிச்சனான்," என்றார் தலைவர், சற்று மனம் நொந்து. பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "முருகேசுவுக்கு ஒரு செம்பு தண்ணி கொண்டுவாங்கோ. வெயிலுக்கை வந்திருக்கிறார். வீட்டுக்கு வந்த ஆளுக்குத் தண்ணி இல்லையெண்டு சொல்லுற குடும்பமில்லை நாங்கள்."

செம்பு வந்தது. முருகேசு சைக்கிள் கைபிடியில் தொங்கிய பையிலிருந்து அரிட்டப் போத்தலை எடுத்தார். செம்பை அதில் கவிழ்த்தார். ஒரு துளி வெளியே போகவில்லை. தலைவர் பார்த்தார். செம்பைக் கழுவி வைக்கும்படி மட்டும் உள்ளே சொன்னார்.

யசிந்தா போத்தலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். மண்ணிறமாகத் தெரிந்தது.

"உதுவும் அதே தண்ணிதானே, அண்ணை."

"ஊத்திப் பார், பிள்ளை."

அவள் கிண்ணத்தில் ஊற்றினாள். கிண்ணத்தின் அடியிலிருந்த பூ தெரிந்தது. அவள் அந்தப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உப்பும் சீனியும் கரைத்தாள். கரண்டி கரண்டியாகக் கொடுத்தாள். பிள்ளை அதைச் சத்தி எடுக்கவில்லை. நாக்கை வெளியே நீட்டி இன்னும் கேட்டது.

போத்தல் முடிந்தது. முருகேசு மறுபடி போனார். தலைவர் விழா ஆயத்தங்களில் இருந்தார். படலை பூட்டியிருந்தது. வழியில் கயிறு அறுந்த வீட்டிலும் கேட்டார். கயிறு இன்னும் அறுந்தே இருந்தது.

வெள்ளைத்தாள் விழா நடந்த நாளின் விடியலில் கத்தரீனா செத்துப்போனாள்.

சின்னப் பிள்ளையின் சவப்பெட்டி வெள்ளையாக இருக்க வேண்டும். குருநகரில் அதுதான் முறை. பெட்டிக்குப் பலகை இருந்தது; யாகப்பு மீன்பெட்டியொன்றைக் கழற்றினான். வெள்ளைத் துணி எந்தக் கடையிலும் இல்லை. யாகப்பு வேலைக்கு வரமுடியாது என்று சொல்ல ஆலைக்குப் போனான். விழாப் பந்தலில் நிறைகுடத்துக்கு மாவிலை சரிபார்த்துக்கொண்டிருந்த தலைவர் விசயத்தைக் கேட்டு நெகிழ்ந்தார்.

"வெள்ளை இல்லையெண்டு இந்த மண்ணிலை ஒரு பிள்ளை அடக்கம் செய்யப்படாமல் இருக்கக்கூடாது," என்றார். "சபையின்ரை முதல் வெள்ளைத் தாள் ஒரு ஏழைப் பிள்ளையின்ரை பெட்டிக்கு. எடுத்துக்கொண்டு போம். பேந்து, அடக்கத்துக்குச் சேமக்காலைக்குப் போகேக்கை இஞ்சாலை ஒருக்கால் வாருங்கோ. பிரமுகர்களும் பாக்கட்டும்."

யாகப்பு தாள்களை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்தான். அழுக்குப் படாமல் கொண்டுவந்தான்.

சின்னாச்சி மாவில் பசை காய்ச்சினாள். தண்ணீர் கிணற்றுத் தண்ணீர். வேறு தண்ணீர் இல்லை. முருகேசு பசையைப் பூச, யாகப்பு தாளை ஒட்டினான். ஒட்டிய இடத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. புள்ளி பரவியது. மூலைகளிலிருந்து நடுவுக்கு வந்தது. இன்னொரு தாளை மேலே ஒட்டினார்கள். அதற்குள்ளும் ஊறியது.

"காயட்டும்," என்றாள் யசிந்தா. அன்று அவள் பேசிய முதல் சொல். "காய்ஞ்சால் வெளுக்கும்."

வெயிலில் வைத்தார்கள். காய்ந்தது. வெளுக்கவில்லை. அவள் சேலைத் தலைப்பை நாலாக மடித்து, கறையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். சின்னாச்சி வந்து கையைப் பிடிக்கும்வரை துடைத்தாள்.

யாகப்பு பெட்டியைத் தோளில் வைத்தான். முருகேசு பக்கத்தில் நடந்தார். கொட்டில்காரர் பின்னால் வந்தார்கள்.

ஆலைப் பந்தலில் தலைவர் பேசிக்கொண்டிருந்தார். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ஒலிபெருக்கி போட்டிருந்தார்கள். சுற்றுகிறவர் களைக்கும்போது தலைவரின் குரல் இறங்கியது, கைமாறும்போது ஏறியது.

"சில பேர் கேக்கினம், கடதாசியிலை இருந்த நிறம் எங்கை போனதெண்டு. நிறம் அழியாது. அது இயற்கை விதி. அதைச் சுமக்கக்கூடிய ஆக்களைப் பாத்துக் குடுக்கிறதுதான் நிர்வாகம்."

பிரமுகர்கள் கைதட்டினார்கள்.

வாசலில் அடைக்கலநாதன் பிரேதத்தை எதிர்பார்த்து நின்றார். பெட்டியைக் கண்டதும் ஓடிவந்து இரண்டு கையையும் விரித்தார்.

"உதென்ன நிறம்?"

அடைக்கலநாதன் பந்தலைத் திரும்பிப் பார்த்தார்.

"வெள்ளைத் தாளெல்லோ தந்தது? உள்ளுக்குப் பெரிய ஆக்கள் இருக்கினம். உப்பிடிக் கொண்டுபோகேலாது. சுத்திப் போங்கோ."

"கழியும், ஐயா," என்றார் முருகேசு.

"என்னத்தை?"

"பெட்டியின்ரை நிறத்தைக் கழியும். கழிச்சுப்போட்டு மிச்சம் என்னெண்டு எழுதும்."

அடைக்கலநாதன் பெட்டியைப் பார்த்தார். அது அவர் விரித்த ஒரு கையின் நீளம்தான் இருக்கும். பழக்கத்தில் சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்தார். விரித்தபடியிருந்த மற்றக் கையில் விழா நிகழ்ச்சிநிரல் இருந்தது. வெள்ளைத் தாள். அவர் எழுதவில்லை. பேனையைத் திருப்பிப் போடவும் இல்லை. பேனை பிடித்த கை மட்டும் கீழே இறங்கியது.

ஒரு கை விட்ட வழி போதவில்லை. அவர்கள் சுற்றித்தான் போனார்கள்.

அன்று பின்னேரம் முருகேசு படலையிலிருந்த பலகையைக் கழற்றிக் கந்தோரில் கொண்டுபோய் வைத்தார். மண்ணெண்ணெய்த் தகரத்தையும் வைத்தார். சபை அதை இராஜினாமாவாக ஏற்றுக்கொண்டது. விடிவதற்கு முன் பலகை சின்னையனின் படலைக்கு மாறியிருந்தது. சின்னையன்தான் கேட்டு வந்தாராம். அவருக்கும் வெங்காயம் இருந்தது.

காலையில் வேலிக்கு அப்பால் யாகப்பு கொட்டிலைவிட்டு வெளியே வந்தான். யசிந்தா குடத்தோடு முருகேசுவின் கிணற்றடியில் நின்றாள். அள்ளவில்லை, கீழே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்கை போறாய், தம்பி?" என்று கேட்டார் முருகேசு.

"வேறை எங்கை, அண்ணை."

அவன் துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு ஆலைப் பக்கம் நடந்தான். நேற்றுப் பெட்டி இருந்த தோள்.